இளமை, மர்மம், இயற்கை: சொந்தச் செலவில் நூல் வெளியிடுபவர் எதை முதலில் எழுதுவது?

பதிப்பகத்தை நாடாமல் சொந்தச் செலவில் புனைவல்லாத நூலொன்றைக் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று பொருள்களுக்கு இடையே தடுமாறுகிறார்கள். முதலாவது, தாம் வளர்ந்த வீடும் தெருவும் பள்ளியும். இரண்டாவது, நிறம் மாறிப் பெய்த மழை, இரவில் வயல்வெளியில் நகரும் ஒளி போன்ற விளக்கம் பிடிபடாத நிகழ்வுகள். மூன்றாவது, சுற்றுவட்டாரத்துப் பறவைகளும் மரங்களும் நீர்நிலைகளும். ஊரில் வளர்ந்த ஒருவருக்கு இந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிடைப்பதால் மூன்றையும் எழுதும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் கையிருப்பும் ஓய்வு நேரமும் இப்போதைக்கு ஒரு நூலுக்குத்தான் போதும் என்றால் எதை முதலில் எடுப்பது?

எது விற்கும் என்பதை வைத்து இதை முடிவு செய்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்டால் மர்மம்தான் விற்கும் என்பது ஊரறிந்த விடை. என் பரிந்துரை வேறு இரண்டு கேள்விகளை ஒட்டியது. பதிப்பாசிரியர் ஒருவர் இல்லாமல் வெளிவரும் நூலில் பிழை நேர்ந்தால் அதைப் பிடித்துச் சொல்லப்போவது யார்? எழுதப்படாமலே கிடந்தால் அந்தப் பொருள் எவ்வளவு காலம் கெடாமல் காத்திருக்கும்? இவ்விரண்டையும் கேட்டால் மூன்று பொருள்களின் வரிசை பெரிதும் மாறிவிடுகிறது.

இளமை நினைவுகள் மூன்றிலும் எளியவை போலத் தோன்றும். நூலகத்துக்குச் செல்ல வேண்டாம், பயணச் செலவு இல்லை, யாரிடமும் படம் வாங்க வேண்டியதில்லை. ஆயினும் நினைவை அப்படியே ஆவணமாகக் கொள்ள முடியாது. மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரியவர்கள் பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. இருப்பதாக நாம் நம்புபவற்றில் பெரும்பகுதி வீட்டார் திரும்பத் திரும்பச் சொன்னவை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, அச்செய்தியை எங்கே, யாரிடமிருந்து கேட்டீர்கள் என்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் எழுதி வாங்கிய உளவியலாளர் உல்ரிக் நைசர், இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். பலர் தாம் முன்பு எழுதிக் கொடுத்ததற்கு முற்றிலும் மாறான கதையைச் சொன்னார்கள், அதையும் ஐயமே இல்லாமல் சொன்னார்கள். இரண்டரை ஆண்டில் இப்படியென்றால் ஐம்பது ஆண்டுக்குப் பின் எழுதும் தன்வரலாற்றின் கதி என்னவென்று சொல்லவே வேண்டாம்.

நல்லவேளையாக, பொது வாழ்வின் தேதிகளைக் கொண்டு நினைவைச் சோதிக்க வழியிருக்கிறது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22, 23க்கு இடைப்பட்ட இரவில், சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15இல், திருச்சியை வெள்ளம் சூழ்ந்தது 1977 நவம்பரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது 1982 ஜூலை 1இல். 1979இல் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டதாக ஒருவர் எழுதினால், அவர் சாப்பிட்டது காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவாக இருக்க வேண்டும், அல்லது ஆண்டு பிசகியிருக்க வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழையும் அந்தக் காலத்துக் கடிதங்களையும் எடுத்துப் பார்த்தால் எது பிழையென்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்த வகை நூலுக்குப் பிழை திருத்துவோர் வீட்டிலேயே இருக்கிறார்கள். அண்ணன், அக்கா, சித்தி, உடன் படித்தவர் என்று நாலைந்து பேரிடம் படியைக் கொடுத்தால் ஆளுக்கொரு திருத்தம் வரும். கூடவே மனத்தாங்கலும் வரும் என்பதை மறைப்பதற்கில்லை. உயிரோடிருப்பவரின் பெயரைக் கெடுக்கும் வகையில் எழுதினால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறு என்று கொள்ள இடந்தருகிறது. இறந்தவரைப் பற்றி எழுதினாலும், அது குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டதாயின் அப்பிரிவு பொருந்தும். பதிப்பகத்தார் இத்தகைய இடங்களைச் சுட்டிக்காட்டுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். சொந்தமாக வெளியிடுபவருக்கு எழுத்தாளர், வெளியீட்டாளர் ஆகிய இரண்டு பொறுப்புகளும் ஒருவர் தலையில் விழுகின்றன.

வாசகர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, உறவினரும் ஊர்க்காரரும் கட்டாயம் வாங்குவார்கள். அந்த வட்டத்தைத் தாண்டுவது கடினம். தாண்டும் நூல்கள் பெரும்பாலும் எழுதியவரைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு ஊரைக் காட்டுபவை. என்ன நெல் விளைந்தது, நாற்று நட என்ன கூலி கொடுத்தார்கள், மின்சாரம் எந்தத் தெருவுக்கு முதலில் வந்தது, எந்தத் தெருவுக்குக் கடைசியில் வந்தது, அது ஏன் என்பதையெல்லாம் சொல்லும் இளமை நூலை அந்த ஊரைக் கண்ணால் பார்க்காதவரும் படிப்பார். இந்த விவரங்கள் முதியவர்களிடம்தான் இருக்கின்றன. இப்பொருளுக்குக் காலக்கெடு உண்டு என்பதற்கு அதுவே காரணம்.

இனி மர்மத்துக்கு வருவோம். மூன்றில் இதுவே எழுதக் கடினமானது, இதுவே மிகவும் அலட்சியமாக எழுதப்படுவதும். 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போதைய வேலூர் மாவட்டத்தில் நாட்றம்பள்ளிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்து பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததே காரணம் என்று மாநில அரசு அறிவிக்க, விண்கல் தாக்கி இறந்த மனிதர் என்று உலக நாளேடுகள் செய்தி வெளியிட்டன. சில நாள்களிலேயே, வெளியான படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், அது விண்ணிலிருந்து விழுந்ததைக் காட்டிலும் தரையில் நிகழ்ந்த வெடிப்புக்கே பொருந்துகிறது என்றார்கள். முதல் வாரத்துச் செய்தித்தாளோடு நிறுத்திக்கொண்டு ஓர் அத்தியாயம் எழுதுபவர், அரசே அறிவித்தது என்ற சான்றோடு தவறான ஒன்றை அச்சிட நேரும்.

இத்தகைய நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று அடுக்குச் சான்றுகள் உண்டு: முதல் வாரச் செய்தி, முதல் விசாரணை அறிக்கை, பல ஆண்டுகள் கழித்து வரும் ஆய்வுக் கட்டுரை. 2001 ஜூலை இறுதியிலிருந்து கேரளத்தில் கோட்டயம், இடுக்கி பகுதிகளில் பெய்த செந்நிற மழையில் இந்த மூன்றையும் தெளிவாகக் காணலாம். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த புவி அறிவியல் ஆய்வு மையம் முதலில் விண்கல் வெடித்துச் சிதறிய தூசு என்றது. பின்னர் நீரில் நுண்வித்துகள் இருக்கக் கண்டு அக்கருத்தைக் கைவிட்டது. பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவுடன் சேர்ந்து அது அளித்த அறிக்கை, பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படரும் டிரென்டிபோலியா என்ற பாசியின் நுண்வித்துகளே நிறத்துக்குக் காரணம் என்றது. ஆனால் 2006இல் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு இயற்பியலாளர்கள், அவை வேற்றுலகிலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று ஓர் ஆய்விதழில் எழுதியபோது உலகின் காதில் விழுந்தது அதுதான். 2015இல் வெளியான மரபணு ஆய்வு மீண்டும் டிரென்டிபோலியாவையே காட்டியது. இந்த வரலாற்றை முழுவதும் எழுதினால் மர்மம் அவிழ்ந்துவிடும். 2006இல் நிறுத்திக்கொண்டால் நூல் விறுவிறுப்பாக இருக்கும். எங்கே நிறுத்துகிறார் என்பதைக் கொண்டே ஓர் எழுத்தாளரின் நேர்மையை அளந்துவிடலாம்.

அசாமின் ஜதிங்கா ஊரைப் பற்றிய கதையும் இத்தகையது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, நிலவற்ற, மூடுபனி சூழ்ந்த இரவுகளில் அங்கே பறவைகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்கின்றன என்று இன்றும் எழுதுகிறார்கள். உண்மையில் பனியிலும் காற்றிலும் நிலைகுலைந்த பறவைகள் ஊரின் விளக்கொளியை நோக்கித் தாழ்வாக வருகின்றன. மக்கள் அவற்றை மூங்கில் கழிகளால் அடித்து வீழ்த்திவந்தார்கள். கழியை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சொன்னால்தான் அது தற்கொலையாகும். அந்த மலைமுகட்டில் மட்டும், அந்த மாதங்களில் மட்டும், குறிப்பிட்ட சில இனங்கள் மட்டும் ஏன் திசை தடுமாறுகின்றன என்ற கேள்வி பறவையியலாளர்களை ஈர்த்த கேள்வி. பரபரப்பான பொய்யை நீக்கிய பிறகும் சுவையான உண்மை எஞ்சி நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அறிவியல் விளக்கம் என்ற பெயரில் வருவதையும் சோதிக்காமல் எடுத்து எழுதக் கூடாது. கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் ஊர்களில் சொல்லப்படுவது சதுப்பு நிலத்து மீத்தேன் எரிவதுதான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. அதைப் பற்றவைப்பது எது என்பதே ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்வி. நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1980களின் தொடக்கத்தில் அடிக்கடி தோன்றிய ஒளிகளை ஆராய 1984இல் கருவிகளோடு களம் இறங்கினார்கள், 1998இல் தானியங்கிக் கண்காணிப்பு நிலையமும் அமைத்தார்கள். ஆயினும் எல்லாரும் ஏற்கும் விளக்கம் இன்னும் இல்லை. அத்தகைய இடத்தில் தெரியவில்லை என்று எழுதும் துணிவு வேண்டும்.

முதல் கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடைதான் எனக்குக் கவலை தருவது. இளமை நூலில் தவறு செய்தால் உறவினர் சொல்வார். மர்ம நூலில் தவறு செய்தால் வாசகர் மகிழ்வார். அவர் அந்தத் தவறுக்காகவே பணம் கொடுத்தவர். பிழையின் பக்கம் நிற்கும் வாசகரை வைத்துக்கொண்டு, கேள்வி கேட்கும் பதிப்பாசிரியரும் இல்லாமல், முதல் நூலையே இத்துறையில் எழுதுவது பழக்கமற்றவருக்கு உகந்ததன்று. காலக்கெடுவும் இதற்கு இல்லை. பழைய நாளேடுகளையும் இதழ்களையும் சென்னைக் கன்னிமாரா நூலகத்திலும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் ஐந்தாண்டு கழித்தும் தேடிப் பார்க்கலாம். தாமதத்தால் நன்மையும் உண்டு. கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் வறண்ட ஏரிப்படுகையின் மேல் தானாக நகரும் கற்களைப் பற்றி 2012இல் எழுதியவர் அதை மர்மம் என்றுதான் எழுதியிருப்பார். 2013 டிசம்பரில் ஆய்வாளர்கள் கற்கள் நகர்வதை நேரிலேயே கண்டார்கள். மெல்லிய பனித்தகடுகள் வெயிலில் உடைந்து, இளங்காற்றில் மிதந்து கற்களைத் தள்ளுகின்றன என்பதை 2014இல் வெளியிட்டார்கள்.

இயற்கை நூல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இதற்கு வேண்டியது பொறுமை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஒரு கண்மாயைக் கோடையில் மட்டும் பார்த்தவரும், நிறைந்திருக்கும்போது மட்டும் பார்த்தவரும் அதை அறிந்தவர்கள் அல்லர். மழை வாய்த்த ஆண்டும் பொய்த்த ஆண்டும் சேர்ந்தால்தான் அங்கே என்ன நடக்கிறது என்பது துலங்கும். ஆகவே குறைந்தது இரண்டு முழுச் சுற்றுகளாவது குறிப்பெடுத்த பிறகே எழுதத் தொடங்குவது நல்லது.

கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகளுக்காக மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்ற செய்தியைப் பலரும் ஒவ்வோர் ஆண்டும் படிக்கிறோம். சிவகங்கை மாவட்டத்தில் வாழும் ஓர் எழுத்தாளர் அதையே திரும்பச் சொல்வதால் பயனில்லை. கண்மாய் வற்றிய ஆண்டில் பறவைகள் எங்கே சென்றன, எந்த இனம் முதலில் திரும்பியது, எந்த மரம் பட்டுப்போனதால் கூடுகள் இடம் மாறின என்பதை அவரால்தான் எழுத முடியும். சென்னையிலிருந்து வந்துபோகும் செய்தியாளர் இதை எழுதவியலாது. தனியாக எழுதும் உள்ளூர்க்காரருக்குள்ள பெரும் நன்மை இது.

பிழை திருத்துவோரும் இத்துறையில் தாராளமாக இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும், பறவை நோக்குவோர் தாம் கண்டவற்றைப் பதிவிடும் ஈபேர்ட் இணையதளத்திலும் சேரும் பதிவுகள் யாவருக்கும் திறந்தவை. வரக் கூடாத மாதத்தில் ஒரு வலசைப் பறவையைக் கண்டதாக எழுதினால் யாராவது ஒருவர் படம் இருக்கிறதா என்று கேட்டுவிடுவார். மாவட்டத்துக்கு மாவட்டம் பெயர்கள் வேறுபடுவதால், நூலின் இறுதியில் அறிவியல் பெயர்களோடு ஓர் அகரவரிசை சேர்ப்பது நலம்.

இயற்கை நூலென்றால் வண்ணப் படங்கள் இன்றியமையாதவை என்ற எண்ணத்தால்தான் பலர் செலவுக்கு அஞ்சிப் பின்வாங்குகிறார்கள். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதிவந்த மா. கிருஷ்ணன் கருப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். கோட்டோவியங்களும் தாமே வரைந்தார். வாசகர்கள் அவருடைய கண்ணுக்காகவும் வாக்கியத்துக்காகவும் படித்தார்கள். இணையத்தில் கிடைக்கும் பிறர் படத்தை எடுத்துப் போடுவதை மட்டும் செய்யவே கூடாது, அதற்கும் பதிப்புரிமை உண்டு. இன்னொரு கட்டுப்பாடும் தேவை. கூட்டின் இடத்தையும் அரிய உயிரினத்தின் புழங்கிடத்தையும் வழிகாட்டுவதுபோல எழுதக் கூடாது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022இல் கடவூர்த் தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதை எழுதலாம்; எந்தத் தோட்டத்து வேலியில் தேவாங்கைக் கண்டோம் என்பதை எழுதினால், மூடநம்பிக்கைக்காக அதைப் பிடிப்பவருக்கு முகவரி கொடுத்ததாகிவிடும்.

அச்சு முறையும் பொருளுக்கேற்ப மாறும். இளமை நூலுக்குத் தேவையான எண்ணிக்கையில் மட்டும் அடித்துக்கொள்ளும் டிஜிட்டல் அச்சே ஏற்றது. ஆஃப்செட்டில் தகடு செய்யும் செலவு, படிகள் கூடினால்தான் பரவி மெலியும். இயற்கை நூலில் வண்ணப் படங்களைப் பக்கங்கள் தோறும் தூவினால் எல்லாத் தாளும் நான்கு வண்ணத்தில் ஓட வேண்டிவரும். 16 பக்கம் கொண்ட ஒரே பாரத்தில் ஆர்ட் தாளில் அவற்றைத் தொகுத்து, மற்றவற்றை மேப்லித்தோ என்னும் வழக்கமான அச்சுத்தாளில் ஒரே வண்ணத்தில் அடித்தால் செலவு வெகுவாகக் குறையும். மர்ம நூலுக்கு மின்னூலே முதல் வடிவமாக இருக்கட்டும், ஏனெனில் புதிய ஆய்வு வந்தவுடன் அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி ஏற்றலாம். அமேசான் கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 விழுக்காட்டு உரிமைத்தொகை பெற வேண்டுமானால் அமேசானின் சொந்த வெளியீட்டுத் தளமான கேடிபியின் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் கொண்ட ஒவ்வொரு தவணையிலும் அந்த மின்னூலை வேறெங்கும் வெளியிட முடியாது. சேராவிட்டால் 35 விழுக்காடு. அச்சு நூலுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

எந்த நூலாயினும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் கட்டணமின்றிப் பெறலாம், அச்சுக்கும் மின்னூலுக்கும் தனித்தனியாக. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட பிற வைப்பு நூலகங்களுக்கும் படி அனுப்புவது வெளியீட்டாளரின் கடமை. சொந்தமாக வெளியிடுபவர் பலர் இதைக் கவனிப்பதில்லை. அனுப்பிவைத்தால், விற்காமல் போன நூலும் நாட்டின் சேகரிப்பில் இடம்பெறும்.

மூன்றையும் ஒரே நூலில் சேர்த்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: மூன்றும் ஒரே ஊரைப் பற்றியவையாக இருந்தால் சேர்க்கலாம். அந்தக் கண்மாய், அதன் கரையில் சிறுவயதில் கண்ட ஒளி, இன்று அங்கே வரும் பறவைகள் என்று பொருள் தானே இணையும். கேரளத்து மழையும் நார்வே ஒளியும் தம் பாட்டியின் சமையலும் ஒரே அட்டைக்குள் வந்தால் கடைக்காரருக்கு எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாது, வாங்குபவருக்கும் எதற்காக வாங்கினோம் என்று தெரியாது.

ஆகவே பொதுவாக என் பரிந்துரை இதுதான். முதல் நூலாக இயற்கையை எடுத்துக்கொண்டு, இரண்டு பருவச் சுற்றுகளுக்கான குறிப்பேட்டை இந்த மாதமே தொடங்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் கைப்பேசியில் முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து இளமை நூலுக்குச் சேகரித்துவர வேண்டும். சோதிக்கவும் தெரியவில்லை என்று எழுதவும் பழகியபின் மர்மம் மூன்றாவதாக வரட்டும். வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெற்றோர் இருப்பவருக்கு இந்த வரிசை பொருந்தாது; அவர் இளமை நூலைத்தான் முதலில் எடுக்க வேண்டும், பறவைகள் அடுத்த பருவத்திலும் வரும். வானிலை நிலையத்திலோ கலங்கரை விளக்கத்திலோ பணியாற்றித் தம் கைப்பட எழுதிய பல ஆண்டுப் பதிவேட்டுக் குறிப்புகளை வைத்திருப்பவருக்கும் பொருந்தாது. தாமே கண்டு தேதியிட்டு எழுதிய குறிப்பு கையில் இருக்கும்போது, அவர் மர்மத்திலிருந்தே தாராளமாகத் தொடங்கலாம்.